நாலு நிமிடம் முந்திய சைரன்

கல்முனைக்குடியில் ஒரே தெருவில் நூற்றுப் பன்னிரண்டு வீடுகள் ஒரே நேரத்தில் நோன்பை இழந்தது செவ்வாய்க்கிழமை மாலையில். வியாழக்கிழமை மதியம் அந்தப் பழியைத் தலையில் சுமந்துகொண்டு, அந்தத் தெருப் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் முகைதீன்பாவா எங்கள் கடைப் படி ஏறி வந்தார்.

எங்கள் கடை பிரதான வீதியில், தையல் கடைக்கு மேல் மாடி. 'அழிந்த தரவுகள் மீட்டுத் தரப்படும்' என்று பலகை தொங்கும். கல்யாணப் படங்கள் தொலைந்தவர்கள் வருவார்கள். மானம் தொலைந்தவர்களும் வரத் தொடங்கி நாலு வருடமாகிறது. காரணம் முதலாளி நதீரா அக்கா. கொழும்பில் பத்து வருடம், மற்றவர்கள் எழுதிய கணினி நிரல்களில் பிழை பிடிப்பதற்கே சம்பளம் வாங்கியவர். அந்தப் பழக்கத்தில் மனிதர்களிலும் பிழை பிடிப்பார். நான் விதுசா, அவருடைய உதவியாளர். எனக்கு வயது முப்பத்தொன்று, என் வாய்க்கு வயது கிடையாது.

நோன்பு எனக்கில்லை, ஆனாலும் அந்த மாதத்தில் அக்காவின் முன்னால் நான் தேத்தண்ணி குடிப்பதில்லை. அதனால் மதியத்துக்குப் பிறகு எனக்குக் குணம் கொஞ்சம் கெட்டுவிடும். அன்றைக்கும் கெட்டுத்தான் இருந்தது.

"இருபத்திரண்டு வருஷமாப் பாங்கு சொல்றன் மகள்," என்றார் மோதினார். கதிரையின் விளிம்பில்தான் உட்கார்ந்திருந்தார். "இப்ப நான் ஸலாம் சொன்னா, பதில் ஆக்கள்ர வாய்க்குள்ளயே நிக்கிது."

கதை இதுதான். அவருடைய தெருப் பள்ளியில் நோன்பு திறக்கும் நேரத்துக்குச் சைரன் ஊதும். போன வருடம்வரை மோதினார் கடிகாரத்தைப் பார்த்துக் கையால் அழுத்தினார். இந்த வருடம் தெருவின் இரண்டு கெட்டிக்காரர்கள், அஸ்ஹரும் றாஸிக்கும், சேர்ந்து ஓர் இயந்திரம் செய்து கொடுத்தார்கள். நேரம் வந்ததும் அதுவே ஊதும், அதைக் கேட்டு மோதினார் பாங்கு சொல்வார். செவ்வாய்க்கிழமை, பதினேழாம் நோன்பு, அது நாலு நிமிடம் முந்தி ஊதிவிட்டது. மேற்கே நாவிதன்வெளி வயல் பக்கம் சூரியன் இன்னும் முழுதாக இறங்கவில்லை. பக்கத்துத் தெருப் பள்ளியில் பாங்கு கேட்டபோது இங்கே பாதிக் கஞ்சி முடிந்திருந்தது. முழுத் தெருவும் ஒரு நோன்பைக் களாச் செய்ய, இன்னொரு நாள் பிடித்து ஈடுகட்ட வேண்டும்.

"மெசினத் திறந்து பார்த்தாங்க. நேரக் கணக்கு இரிக்கிற கோப்ப ஒருத்தரும் தொடல்லயாம். அப்ப, அறைக்குள்ள இரிக்கிற சிவப்பு பட்டனை அழுத்தினாத்தான் ஊதும். அந்த அறைத் துறப்பு எண்ட இடுப்புல." அவர் அந்தத் துறப்பை, ஒற்றைச் சாவியை, மேசையில் வைத்தார். "பசி தாங்காம அழுத்திட்டாராம் எண்டு கதைக்கிறாங்க. இண்டைக்குப் பின்னேரம் அஸர் தொழுகை முடியப் பள்ளிச் சபை கூடுது. வேலை போனாப் பள்ளி தந்த ஊட்டயும் உடணும்."

"அழுத்தினீங்களா மாமா?" என்றேன் நான்.

"வல்லாஹி, அல்லாஹ்மேல ஆணையா இல்ல. தொழுகைக்குக் கை கால் கழுவி வுழூச் செஞ்சிட்டு நிண்டன். சைரன் கேட்டு ஓடிப் போய் மைக்கப் புடிச்சன். கடிகாரத்தப் பார்க்கல்ல. மெசின் வந்தாப் பிறகு பார்க்கிறத உட்டுட்டன். அது எண்ட பிழைதான்."

நதீரா அக்கா யோசித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"சைரன் கேட்டதும் எல்லாரும் உடனே நோன்பு துறந்தாங்களா?"

எனக்குப் புரியவில்லை. மோதினாருக்கும் புரியவில்லை. அக்கா சொன்னார்: "இதச் செஞ்சவன் உங்கட தெருக்காரன். ஊரை ஏமாத்துவான், ஆனா தன்ட நோன்ப உடமாட்டான். நேரம் பிழை எண்டு அவனுக்கு மட்டும் தெரியும்தானே? அவன் சாப்பிட்டிருக்க மாட்டான்."

மோதினார் கண்ணை மூடி, பள்ளியில் நோன்பு திறக்க உட்கார்ந்திருந்த கஞ்சி வரிசையை நினைவில் ஓடவிட்டார். "மைக்குக்கு ஓடக்குள்ள கண்டன், எல்லாரும் வாயில வச்ச. அஸ்ஹர்தான் முதல்ல கோப்பயத் தூக்கின. றாஸிக் தம்பி மட்டும் ஈத்தம்பழத்தக் கையில வச்சிட்டே இருந்தார்."

றாஸிக்! எனக்குப் பசி பறந்துவிட்டது.

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு றாஸிக் மேல் பொறாமை. பத்து நாளுக்கு முன் நதீரா அக்கா அவனுடைய நிரல் ஒன்றை இருபது பக்கத்தில் அச்செடுத்து என்னிடம் தந்தார். "நம்மட கடைக்கு மூணாவது ஆள் வேணும். இவன்ட எழுத்த வாசிச்சிட்டு ஒரு முடிவு சொல்லு. எவ்வளவு சுருக்கமா எழுதுறான் பார்." ஐந்து வருடமாக இந்தக் கடையில் மாரடிக்கிறேன். என்னுடைய ஒரு வரியையும் காட்டி அவர் யாரிடமும் 'பார்' என்று சொன்னதில்லை.

"ஆள் கிடைச்சாச்சு," என்றேன். "போய்ப் பிடிப்பம்."

"முதல்ல மெசினப் பார்ப்பம்," என்றார் அக்கா.

பள்ளியின் வெளிவாசல் பக்கம் இருந்தது அந்த அறை. நான் சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டேன். அப்பியாசக் கொப்பி அளவில் ஒரு பெட்டி, ஒரு திரை, ஒரு தட்டச்சுப் பலகை. சிவப்பு பட்டன் சுவரில்.

"மெசின் அஸ்ஹர்ட, கணக்கு றாஸிக்ட," என்றார் மோதினார். "தலை நோன்பண்டு, முதல் நாளே, சபைத் தலைவர் எல்லாருக்கும் முன்னால சொன்னார், இந்த ஒரு வரியிலதான் நம்மட நோன்பே இரிக்கி எண்டு. றாஸிக்குக்குப் பொன்னாடை போட்டாங்க."

"அஸ்ஹருக்கு?"

"ஒரு ஈத்தம்பழப் பெட்டி."

அக்கா நிரலை மேலும் கீழும் ஓட்டினார். அஸ்ஹர் எழுதியது சி மொழியில் மூவாயிரம் வரி. மணிக்கூடு, சைரன், மின்சாரம் எல்லாம் அதன் பொறுப்பு. ஆனால் நேரத்தை அது தானாகக் கணக்கிடுவதில்லை. கோப்பில் இருக்கும் ஒரு வரியை எடுத்து, தன் வயிற்றுக்குள் வைத்திருக்கும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் மொழியிடம் கொடுக்கும். அந்த மொழி வரியைக் கணக்குப் பார்த்து விடையைத் திருப்பித் தரும். அந்த விடைதான் சைரன் நேரம். வரியை மாற்றினால் போதும், மூவாயிரம் வரியில் கை வைக்கத் தேவையில்லை. அந்த ஒரு வரிதான் றாஸிக்கின் வரி.

வரி திரையில் வந்தது. கொழும்பு, கழித்தல் குறி, நிமிடம். அவ்வளவுதான்.

"கொழும்பு நேரத்துல இருந்து எட்டு நிமிடம் கழி எண்டு அர்த்தம்," என்றார் அக்கா. இதில் விளக்க ஒன்றுமில்லை. றேடியோவில் கொழும்புப் பாங்கு வரும்போது நாங்கள் கஞ்சி முடித்து வடையில் கை வைத்திருப்போம் என்று இந்தக் கரையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எங்களுக்குப் பொழுது முதலில் படும்.

"கோப்பத் தொடல்ல எண்டது உண்மைதான். ஆனா இது என்ன?" திரையின் மூலையில் 'சோதனைப் பெட்டி' என்று ஒரு கட்டம். உள்ளே எதை எழுதினாலும் கணக்குப் பார்த்து விடை காட்டும். பக்கத்தில் ஒரு சின்னப் பட்டியல்: நிமிடம், எட்டு.

அக்கா பெட்டிக்குள் என் பெயரை அடித்து, அதற்குச் சமம் முப்பத்தொன்று என்று போட்டார். பிறகு வெறும் பெயரை அடித்தார். முப்பத்தொன்று என்று விடை வந்தது.

"என்ட வயச ஏன் பள்ளி மெசினுக்குச் சொல்றீங்க?"

"ஞாபகம் வச்சிரிக்கி பார்த்தியா? இந்தப் பெட்டியும் சைரன் நேரத்தப் பார்க்கிற இடமும் ஒரே மூளை. அஸ்ஹர் அத ஒருக்காத் திறந்து வச்சிட்டு மூடாம உட்டிரிக்கான். இஞ்ச சொன்னத அது அங்கயும் நம்பும். கோப்பு அப்படியே இரிக்கும்." அவர் குனிந்து மின்சாரத்தைப் பிடுங்கினார், மறுபடி செருகினார். என் பெயரை அடித்தார். இயந்திரம் அப்படி யாரையும் தெரியாது என்றது.

"போச்சு, மறந்திட்டு," என்றேன். "மறக்கிறதுக்கு ஆம்பிளையளே தேவையில்ல போல."

"மாமா, நேத்துக் கரண்ட் போச்சா?"

"காலையில ரெண்டு மணித்தியாலம் இல்ல மகள்."

"அதுதான் நேத்துச் சைரன் சரியா ஊதின. செவ்வாய்க்கிழமை யாரோ இந்தப் பெட்டிக்குள்ள எட்டைப் பன்னிரண்டாக்கிரிக்கான். நாலு நிமிடம் முந்திட்டு. புதன்கிழமை கரண்ட் போனதும் தடயமும் போச்சு. இதுக்கு இந்த அறையோ துறப்போ தேவையில்ல. கஞ்சி வரிசையில இருந்துகிட்டே போன்ல செய்யலாம். கடவுச்சொல் தெரிஞ்சிருக்கணும்." அக்கா மோதினாரைப் பார்த்தார். "அது யாருக்குத் தெரியும்?"

"ரெண்டு பேருக்குத்தான். அஸ்ஹருக்கும் றாஸிக்குக்கும்."

முதலில் அஸ்ஹரின் வீட்டுக்குப் போனோம், பக்கத்தில் இருந்ததால். அவனுடைய மனைவி நஜ்லா கதவைத் திறந்தாள். "ரெண்டு நாளாக் கண் மூடல்ல ராத்தா இந்த மனுசன்," என்றாள்.

உள்ளே அஸ்ஹர் தரையில் உட்கார்ந்திருந்தான். அவனைச் சுற்றிப் பாய்போல் தாள்கள். மூவாயிரம் வரியையும் அச்செடுத்துப் பரப்பி, சிவப்புப் பேனையால் வரி வரியாகக் கோடிட்டுக்கொண்டிருந்தான். கண்ணும் அதே சிவப்பு.

"எண்ட நிரல்லதான் எங்கயோ பிழை ராத்தா," என்றான். "கண்டுபிடிச்சிருவன். இன்னும் அறுநூறு வரிதான். மோதினார்ட ஒண்டும் இல்ல எண்டு சபையில நானே சொல்றன்."

"பிழை உங்கட நிரல்ல எண்டு எப்படித் தெரியும்?"

"வேற எங்க இரிக்கப் போகுது?"

எனக்கு அவன்மேல் மதிப்பு வந்துவிட்டது. மூவாயிரம் வரி எழுதியவன் பழியைத் தானே ஏற்கிறான். ஒரு வரி எழுதியவன் பொன்னாடையோடு எங்கேயோ இருக்கிறான். உலகம் இப்படித்தான் என்று முச்சக்கர வண்டியில் ஏறும்போது உரக்கவே சொன்னேன்.

றாஸிக் அவனுடைய வாப்பாவின் இரும்புக் கடையில் இருந்தான். எங்களைக் கண்டதும் முகம் வெளுத்தது. நதீரா அக்கா சுற்றி வளைக்கவில்லை.

"சைரன் கேட்டும் ஈத்தம்பழத்த ஏன் வாயில வைக்கல்ல தம்பி?"

அவன் ஆணிப் பெட்டியை மூடி வைத்தான். "கையில மணிக்கூடு கட்டியிருந்தன் ராத்தா. நாலு நிமிடம் இரிந்திச்சு."

"அப்ப ஏன் கத்தல்ல? நூறு பேர்ட நோன்பு!" என்றேன் நான்.

"எண்ட வரிதான் பிழை எண்டு நினைச்சன். பொன்னாடை போட்ட வரி. பிழை எண்டு சொல்ல வாய் வரல்ல. பிறகு மோதினார்ல பழி உழுந்திச்சு. அப்பயும் சொல்லல்ல. நான் செய்யல்ல ராத்தா, ஆனா பார்த்துக்கிட்டு இருந்தன்."

வெளியே வந்ததும் நான் பொரிந்து தள்ளினேன். "நல்லா நடிக்கிறான். இவன்தான் அக்கா. எழுதித் தாறன்."

"தன்ட வரியத் தானே கெடுத்துத் தன்னையே ஊருக்கு முன்னால ஏன் அவமானப்படுத்தணும்?"

"அப்ப அஸ்ஹரா?"

"அவன்தான் முதல்ல கோப்பயத் தூக்கின. நேரம் பிழை எண்டு தெரிஞ்சவன் தன்ட நோன்ப உட்டிருப்பானா?" அக்கா நெற்றியைத் தடவினார். சந்தேக நபர்கள் இரண்டு பேர், இருவருமே இல்லை. அஸருக்குப் பாங்கு கேட்கத் தொடங்கியது. தொழுகை முடிய ஒரு மனிதரின் வேலையும் வீடும் போகும். முச்சக்கர வண்டி கடைப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா தோற்றுப்போன முகத்தோடு இருந்ததை நான் முதல்தடவையாகப் பார்த்தேன். பேச்சை மாற்றுகிறவர்போல் கேட்டார்:

"றாஸிக்ட அந்த இருபது பக்கத்த வாசிச்சியா விது? நீ இன்னும் ஒண்டும் சொல்லல்ல."

"இன்னும்…" என்று இழுத்தேன். அந்தத் தாள்கள் என் மேசை லாச்சிக்குள் கிடந்தன. கிளிப்பைக்கூடக் கழற்றவில்லை. ஒவ்வொரு நாளும் லாச்சியைத் திறப்பேன், பேனையை எடுப்பேன், மூடுவேன். வாசித்தால் நன்றாக இருந்துவிடுமோ என்ற பயம். நன்றாக இருந்தால் அதை நானே என் வாயால் சொல்ல வேண்டும்.

அப்போதுதான் அது மண்டைக்குள் விழுந்தது.

"அண்ணே, வண்டியத் திருப்புங்க!" என்று கத்தினேன். "அக்கா, அஸ்ஹர் அந்த வரிய வாசிக்கவே இல்ல!"

"எந்த வரி?"

"றாஸிக்கின்ட வரி. அஸ்ஹர் தன்ட மூவாயிரம் வரியையும் பரப்பி வச்சுத் தேடுறான். அந்த ஒரு வரி அங்க எங்கயும் இல்ல. தலை நோன்புல இருந்து தன்ட நிரலுக்குள்ள ஓடுற வரியை அவன் ஒருநாளும் திரும்பிப் பார்க்கல்ல. பார்க்க மனம் வராது அக்கா. அது பொன்னாடை வாங்கின வரி."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத்தான் தெரியும்," என்றேன். முகம் சுட்டது. "அந்த இருபது பக்கத்தில ஒரு எழுத்துக்கூட நான் வாசிக்கல்ல. என்னால ஏலாது. எரியுது."

நதீரா அக்கா என்னைத் திட்டவில்லை. அந்த நேரத்தில் திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"சரி," என்றார் மெதுவாக. "அவன் பட்டியல்ல 'நிமிடம், எட்டு' எண்டு மட்டும் கண்டிரிக்கான். வரியில கொழும்பு இரிக்கிறதே தெரியாம, அது கூட்டுற நிமிடம் எண்டு நினைச்சிரிக்கான். பன்னிரண்டாக்கினா நாலு நிமிடம் பிந்தும். பிந்தினா ஒருத்தர்ட நோன்பும் முறியாது, றாஸிக் மட்டும் ஊருக்கு முன்னால குறைஞ்சு போவான்."

"ஆனா அது கழிச்சது. முந்திட்டு. தான் எதிர்பார்த்த நேரத்துக்கு முன்னால சைரன் கேட்டதும், தான் மாத்தினது பலிக்கல்ல, இதுதான் சரியான நேரம் எண்டு நினைச்சு அவனே முதல்ல குடிச்சிட்டான்."

அஸ்ஹர் இன்னும் தரையில்தான் இருந்தான். நதீரா அக்கா ஒரு தாளில் அந்த வரியை எழுதி, விரித்த தாள்களின் மேல் வைத்தார்.

"இதுதான் றாஸிக்கின்ட வரி. செவ்வாய்க்கிழமை ஒருத்தர் இதுல கை வச்சிரிக்கார்," என்றார். அவ்வளவுதான் சொன்னார். எந்த எண், எப்படி மாற்றப்பட்டது என்று சொல்லவில்லை.

அஸ்ஹர் குனிந்து பார்த்தான். மூன்றே மூன்று விடயம் இருந்த அந்த வரியை வாசிக்க அவனுக்கு வெகுநேரம் எடுத்தது.

"கழிக்கிறதா?" என்றான்.

கூட்டல் என்று நம்பிக் கை வைத்தவன்தான் அப்படிக் கேட்பான். அவனுக்கும் புரிந்துவிட்டது, தான் என்ன கேட்டுவிட்டோம் என்று. சிவப்புப் பேனை கையிலிருந்து உருண்டது.

நஜ்லாதான் முதலில் பேசினாள். "நீங்களா? சைரன் கேட்டு நானும்தானே துறந்தன். எண்ட நோன்பையும் சேர்த்தா?"

"பிந்தணும் எண்டுதான் செஞ்சன், நஜ்லா. அல்லாஹ்வே, பிந்தணும் எண்டுதான்." அவன் முகத்தைப் பொத்திக்கொண்டான். "மூவாயிரம் வரி. பதினொரு மாசம். அவனுக்குப் பொன்னாடை போடக்குள்ள கை தட்டினவங்கள்ல நானும் ஒருத்தன். கை எரிஞ்சிச்சு. ஒரு நாளைக்கு, ஒரே ஒரு நாளைக்கு அவன் பிழைக்கணும் எண்டு நினைச்சன். முந்தி ஊதினதும் எண்ட நிரல்தான் பிழை எண்டு ரெண்டு நாளாத் தேடுறன்."

"சபை கூடிட்டு," என்றார் நதீரா அக்கா. "எழும்புங்க தம்பி."

நாங்கள் பள்ளியின் வெளிவாசலில் நின்றோம். உள்ளே அஸ்ஹர் நின்றுகொண்டு சொன்னான், ஒன்றையும் குறைக்காமல். அவன் முடிக்குமுன் பின்னால் இன்னொரு குரல் கேட்டது. றாஸிக் கடையைப் பாதியில் பூட்டிவிட்டு வந்திருந்தான். தான் மணிக்கூட்டைப் பார்த்ததையும் வாய் திறக்காததையும் அவனும் சொன்னான். பிறகு சபைத் தலைவர், இருவரும் தெருவில் நூற்றுப் பன்னிரண்டு வீட்டுக் கதவையும் தட்டி மாப்புக் கேட்க வேண்டும் என்றார்.

அப்போதுதான் முகைதீன்பாவா எழுந்தார். இரண்டு நாளாகப் பதில் ஸலாம் கிடைக்காத மனிதர்.

"முதல் கதவு எண்ட ஊட்டுக் கதவு," என்றார். "இண்டைக்கே வரணும். எண்ட பொஞ்சாதி ரெண்டு நாளா வெளிய இறங்கல்ல. அவள்ட முகத்தப் பார்த்துக் கேளுங்க." துறப்பை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். "மெசின் இரிக்கட்டும். ஆனா இனி நான் மணிக்கூட்டப் பார்த்துத்தான் பாங்கு சொல்வன்."



கடைக்குத் திரும்பிப் படி ஏறும்போது நதீரா அக்கா சொன்னார், "றாஸிக் நமக்குச் சரிவரமாட்டான் விது. கண்டதச் சொல்லாத ஆளை வச்சு இந்தத் தொழில் செய்யேலாது. நீ அந்தத் தாள வாசிக்கத் தேவையில்ல, கிழிச்சுப் போடு."

எனக்குச் சந்தோஷம் வந்தது. மறைக்கவில்லை, உள்ளங்கால்வரை வந்தது. மேசையில் உட்கார்ந்தேன். மேற்கே வெயில் மங்கிக்கொண்டிருந்தது. சரியான நேரத்துக்குச் சைரன் ஊதியது. ஒரு நொடி மௌனம், மோதினார் மணிக்கூட்டைப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன், பிறகு பாங்கு. அக்கா ஈத்தம்பழத்தை வாயில் வைத்துவிட்டு, கஞ்சிக் கோப்பை ஒன்றை என் பக்கம் தள்ளினார்.

நான் லாச்சியைத் திறந்தேன். பேனையை எடுக்கவில்லை, தாள்களை எடுத்தேன். கிளிப்பைக் கழற்றினேன்.

நன்றாகத்தான் இருந்தது. எரிச்சலோடு கடைசிப் பக்கம்வரை வாசித்தேன்.